பழைய அம்பாசடர், பத்மினி வாங்கப் போகிறீர்களா? பேப்பரையும் தகரத்தையும் முதலில் பாருங்கள்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பானெட்டைத் தூக்குகிறார்கள், வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறார்கள், சத்தம் நன்றாக இருந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். எஞ்சினை கடைசியாகப் பார்த்தால் போதும். மதுரையில் சிலிண்டருக்குப் போர் அடிக்கவும் கிராங்க் கிரைண்டிங் பண்ணவும் ஹெட் லெவல் பண்ணவும் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அம்பாசடர் எஞ்சினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுகிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பேப்பர் சரியில்லாத வண்டியை எந்தப் பட்டறையும் சரிசெய்ய முடியாது. அடித்தகரம் போன வண்டியைச் சரிசெய்யலாம்தான், அதற்கான டிங்கரிங் செலவு வண்டி விலையைத் தாண்டிவிடும். அதனால் பேப்பர், தகரம், எஞ்சின், ஓட்டம் என்ற வரிசையில் போவோம்.

எந்த வண்டி

முதல்முறை வாங்குகிறவர்களுக்கு அம்பாசடரைத்தான் சொல்வோம். மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் 2014 வரை தயாரானது, பல வருடம் டாக்ஸியாகவும் அரசாங்க வண்டியாகவும் ஓடியது, அதனால் ஸ்பேர் கிடைக்கிறது. 1979-க்குப் பிறகு வந்த மார்க் 4 அல்லது நோவா என்றால் இன்னும் சுலபம். பிரிமியர் பத்மினி ஓட்ட இலகுவான வண்டி, 1089 சிசி எஞ்சினும் எளிமையானது. எஞ்சின் சாமான் தேடினால் கிடைக்கும். லைட் ரிம், கதவுக் கைப்பிடி, பீடிங் போன்ற வெளிச் சாமான்களுக்குத்தான் அலைய வேண்டும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு பார்க்க அழகு. ஆனால் கண்ணாடி உடைந்தால் மாதக்கணக்கில் வண்டி நிற்கும். முதல் வண்டியாக அது வேண்டாம்.

ஆர்.சி. புக்: வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே

விற்பவரிடம் போனிலேயே ஆர்.சி.யின் இரண்டு பக்கத்தையும் போட்டோ கேளுங்கள். "நேரில் வாங்க, எல்லாம் கிளியரா இருக்கு" என்கிறவர்களிடம் போவதற்கு அவசரப்பட வேண்டாம்.

முதலில் பதிவுக் காலம். சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம். அதன்பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, 5 வருடத்துக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 வருடம் ஆனாலே வண்டியை ஓட்டக்கூடாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது டெல்லிக் கதை. இங்கே தகுதியோடு புதுப்பித்திருந்தால் ஓட்டலாம். ஆனால் செலவு உண்டு. 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. விட்டுப்போன காலத்துக்குத் தாமதக் கட்டணமும் சேரும். பல வருடம் புதுப்பிக்காத வண்டி என்றால், ஆர்.டி.ஓ. ஆபீஸில் மொத்தக் கணக்கைக் கேட்டுவிட்டு அதை விலையில் கழியுங்கள்.

அடுத்து, வண்டி எண்ணை, பதிவு விவரம் காட்டும் அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். 1989-க்கு முன் பதிவான, எம் அல்லது டி-யில் தொடங்கும் மூன்றெழுத்து நம்பர் வண்டிகளில் பல, கணினியில் ஏறாமலே கிடக்கும். பழைய ரிஜிஸ்டர் எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே போய் ஏற்ற வேண்டும். இதை விற்பவர் முடித்துக் கொடுத்தபிறகுதான் முழுப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். வாங்கியபிறகு நீங்கள் அலைந்தால், ஆர்.சி.யில் பெயர் இல்லாத ஆளுக்கு அங்கே பதில் கிடைப்பது கஷ்டம். மதுரை வண்டி என்றால் டி.என். 58 தெற்கு, 59 வடக்கு, 64 மத்தி. எந்த அலுவலகம் என்பதை நம்பரே சொல்லிவிடும்.

உரிமையாளர் இறந்துபோன வண்டிகள் இந்தப் பக்கம் நிறைய. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய வீடுகளின் ஷெட்டில் நிற்கும் வண்டிகளில் இது வழக்கம். தாத்தா பெயரில் ஆர்.சி. இருக்கும், விற்பது பேரனாக இருப்பார். அப்படி என்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வாங்கி, படிவம் 31 மூலம் முதலில் ஒரு வாரிசின் பெயருக்கு மாற வேண்டும். அப்புறம்தான் உங்கள் பெயருக்கு வரும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒரு அத்தை கையெழுத்துப் போட மறுத்தால் வண்டி அப்படியே நிற்கும். இந்த மாதிரி வண்டிக்கு, மாற்றம் முடியும்வரை சின்னத் தொகைக்கு மேல் அட்வான்ஸ் வேண்டாம்.

சாதாரண விற்பனைக்கு விற்பவர் கையெழுத்திட்ட படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, ஆர்.சி., இன்ஷூரன்ஸ் வேண்டும். ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால் படிவம் 35-உம் பேங்க் கடிதமும் சேர்த்து வாங்குங்கள். நாற்பது வருடம் முன்னால் கட்டி முடித்த கடனாக இருந்தாலும் பதிவில் நீக்காதவரை கடன் இருப்பதாகத்தான் அர்த்தம். கேரளா, பாண்டிச்சேரி வண்டிக்கு படிவம் 28 தடையின்மைச் சான்றும் இங்கே கட்ட வேண்டிய சாலை வரியும் கூடுதல். புரோக்கர் கையில் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்ட 29, 30 இருந்தால், அந்தக் கையெழுத்துக்காரர் உயிரோடு இருக்கிறாரா, விற்றது அவருக்குத் தெரியுமா என்று நேரில் விசாரியுங்கள்.

அரசாங்க ஏலத்தில் வந்த வெள்ளை அம்பாசடர் என்றால் இன்னொரு கண்ணி உண்டு. 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்து. அதற்கு முன்பே தனியார் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏல ரசீது மட்டும் கையில் வைத்துக்கொண்டு விற்கிறவரிடம் ஸ்பேருக்கு வேண்டுமானால் வாங்கலாம். டாக்ஸியாக ஓடிய வண்டியில், மஞ்சள் போர்டு ஓன் போர்டாக மாறியது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும்.

"விண்டேஜ் நம்பர் வாங்கிக்கலாம் சார், வருஷக்கணக்குல தொல்லை இல்லை" என்று சொல்வார்கள். 2021-இல் வந்த அந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டிக்குத்தான் 'வி.ஏ.' நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். அந்த வண்டியை தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, வேலை பார்க்க எடுத்துப் போகலாம். 1985 மாடலுக்கு இது இப்போதைக்குக் கிடையாது.

நம்பரை வண்டியோடு ஒப்பிடுதல்

சேஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் துணியால் துடைத்து, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எழுத்துகள் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஒரு எண் மட்டும் சாய்ந்திருந்தாலோ சுற்றிலும் கிரைண்டர் தடம் இருந்தாலோ அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். தகடு ரிவெட் புதுசாகப் பளபளத்தாலும் சந்தேகம்தான்.

அம்பாசடரில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் போடுவது ஒரு காலத்தில் சகஜம். ஆர்.சி.யில் பெட்ரோல், வண்டியில் டீசல் என்றால், அனுமதி வாங்காமல் மாற்றியது என்று அர்த்தம். புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்புவார். கேஸ் கிட் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

தகரம்: முழங்காலில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியின் அடித்தகரமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரமும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. அங்கே துரு ஏறினால் பெயிண்ட் போகிற விஷயம் இல்லை, வண்டியின் எலும்பே போகிறது. ஹெரால்டுக்குத் தனிச் சேஸ் உண்டு. அதில் பக்கவாட்டில் நீளும் கைகளும் பின்பக்க முனையும்தான் முதலில் இற்றுப்போகும்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: டார்ச், சின்ன காந்தம், மெல்லிய துணி, பழைய ஸ்குரூ டிரைவர், விரிக்க ஒரு சாக்கு, மல்டி மீட்டர், முடிந்தால் சிலிண்டர் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். காலை வெயிலில் போங்கள். சாயங்காலமும் மழை பெய்து ஈரமாக இருக்கும்போதும் எந்த பெயிண்டும் நன்றாகத்தான் தெரியும்.

காந்தத்தைத் துணியில் சுற்றி மட்கார்டின் கீழ்ப்பாகம், ஹெட்லைட்டுக்குப் பின்புறம், கதவின் கீழ் நாலு விரற்கடை, டிக்கியின் கீழ் ஓரம் என்று நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் உள்ளே தகரம் இல்லை, பட்டி இருக்கிறது. உள்ளங்கை அளவுப் பட்டி சகித்துக்கொள்ளலாம். ஒரு மட்கார்டு முழுக்கப் பட்டி என்றால் அடிபட்ட வண்டி.

கதவைத் திறந்து, கீழ் விளிம்பை அடியிலிருந்து விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவுங்கள். இரண்டு தகரம் மடித்துச் சேரும் இடம் அது. நல்ல கதவில் விளிம்பு சீராக ஓடும். துரு ஏறிய கதவில் மடிப்பு உப்பி, விரலில் கரடுமுரடாகத் தட்டும், காவிப்பொடி ஒட்டும். மேலே என்ன பெயிண்ட் அடித்தாலும் ஒரு மழைக்காலத்தில் அது வெளியே வந்துவிடும்.

பிறகு வண்டிக்குள் விரித்திருக்கும் கால்மிதி மேட்டைத் தூக்குங்கள். ஃப்ளோர் தகரத்தை டிரைவர் கால் வைக்கும் இடத்தில் அழுத்திப் பாருங்கள். வேப்பமரத்தடியில் நின்ற வண்டி என்றால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். முன் கண்ணாடிக்கு அடியில் உள்ள நீர்வழியை இலை அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்கி, மேட்டுக்கடியில் மாதக்கணக்கில் நிற்கும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, பேட்டரித் தட்டு, பின் கமான் பட்டை பாடியோடு சேரும் இடம் எல்லாவற்றையும் அடியில் படுத்துப் பாருங்கள். அம்பாசடரில் முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார், அதாவது முறுக்கித் தாங்கும் நீளக் கம்பி. அதன் பின்முனை பிடித்திருக்கும் குறுக்குத் தகரம் மிக முக்கியம். ஸ்குரூ டிரைவரால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். பொத்தென்று சத்தம் வந்தாலோ முனை இறங்கினாலோ அந்த வண்டி வேண்டாம். அடியில் புதுசாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் அதைப் பாதுகாப்பு என்று விற்பவர் சொல்வார். விற்பதற்கு முந்தின வாரம் அடிக்கும் கோட்டிங் பெரும்பாலும் எதையோ மறைக்கத்தான்.

ஒரு சோதனை பலருக்குத் தெரியாது. முன்பக்க ஜாக்கி இடத்தில் வண்டியைத் தூக்கி, வீல் தரையை விட்டுக் கிளம்பியதும் அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். முன்பு போலவே மூடினால் பாடி உறுதி. கதவு இடித்தாலோ இடைவெளி மாறினாலோ பெட்டித் தகரம் உள்ளே போய்விட்டது. ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்துவிட்டுப் போங்கள்.

ராமநாதபுரம், தூத்துக்குடி கடற்கரை வண்டிகள் மேலே பளபளவென்று இருக்கும், அடியில் உப்புக்காற்று வேலையைக் காட்டியிருக்கும். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கம் மூடிய ஷெட்டில் நின்றது பெரும்பாலும் தகரத்தில் நல்ல நிலையில் கிடைக்கிறது. அதில் பார்க்க வேண்டியது எலி. ஒயரிங்கையும் சீட்டையும் தின்றிருக்கும்.

பீடிங், குரோம், லைட் ரிம், கைப்பிடி, ஹார்ன் ரிங், எம்பளம் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணி எழுதுங்கள். இவை தொலைந்துபோனால் பிஸ்டன் செட் வாங்குவதைவிடப் பெரிய தலைவலி.

எஞ்சின்

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும் வண்டி என்று எடுத்துக்கொள்ளலாம்.

ரேடியேட்டர் மூடியை ஆறியிருக்கும்போதுதான் திறக்க வேண்டும். மதுரை வட்டாரத்தில் எஞ்சினைக் கொல்வது போர்த் தண்ணீர். கூலன்ட் ஊற்றாமல் வருடக்கணக்கில் உப்புத் தண்ணீர் ஊற்றிய வண்டியில், மூடியின் கீழ் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவமும் காவி நிறத் தண்ணீரும் தெரியும். அதே படிவம் பிளாக்கின் உள்ளேயும் உட்கார்ந்திருக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்ட பிளக் தகடுகளில் ஈரமோ துருக்கோடோ இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் பால் நிறத்தில் பிசுக்கு இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். ஸ்டார்ட்டின்போது மட்டும் நீலமாக வந்து நின்றால் வால்வு கைடு, சமாளிக்கலாம். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலம் என்றால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஆயில் மூடியைத் திறந்தால் புஸ்புஸ்ஸென்று காற்று அடித்தால் பேக் கம்ப்ரஷன், எஞ்சின் இறக்கும் காலம் வந்துவிட்டது. அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில், நன்றாகச் சூடானபிறகு ஆயில் பிரஷர் ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ. அளவிலும் ஐடிலில் 15-க்குக் குறையாமலும் நின்றால் நல்லது. முள் ஆடவே இல்லை என்றால் மீட்டர் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

கம்ப்ரஷன் பார்ப்பதாக இருந்தால் எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று போதும். இந்த மாதிரிப் பழைய எஞ்சின்களில் 110 பி.எஸ்.ஐ.க்கு மேல் வந்து, நாலுக்கும் இடையே பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் ஓடலாம். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைந்தால் கேஸ்கெட்.

கடைசியாக, நிறுத்தி வைத்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். மே மாத மதியத்தில் காளவாசல் சிக்னலில் நிற்கப்போகிற வண்டி அது. டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டர் அடைப்பு. எஞ்சினை அணைத்து, ஃபேன் நின்றபிறகு ரேடியேட்டர் முகத்தைக் கையால் தடவினால் அடைத்த இடம் மட்டும் ஆறிக் கிடக்கும்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், ஏ.சி. பம்ப் எனப்படும் பெட்ரோல் பம்பின் டயாபிரம் எல்லாம் அதில் ஊறிப் பிசுபிசுக்கும், டேங்க்கில் தண்ணீர் கோக்கும். இதற்குத் தாங்கும் ஹோஸும் டயாபிரமும் மாற்றுவதைக் கட்டாயச் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஈயம் இல்லாத பெட்ரோல்தான் நாடு முழுக்க 2000-இலிருந்து. அதற்கு முந்தைய ஹெட்டாக இருந்தால் வால்வு சீட் தேய்கிறதா என்று டாப்பெட் இடைவெளியை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தல்

கிளம்புவதற்கு முன் பிரேக் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெல்ல உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது, ஓட்ட வேண்டாம். இந்த வண்டிகளில் பெரும்பாலும் நாலு வீலுக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போய்விடும்.

முன் வீலைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், சின்ன வேலை. நிற்காவிட்டால் கிங் பின் போன்ற சஸ்பென்ஷன் தேய்மானம். ஹெரால்டில் முன் வீல் திரும்பும் கீழ் மூட்டான டிரன்னியனுக்கு கிரீஸ் அடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அதற்கு கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் போட்டால் உள்ளே மரை துருப்பிடித்து, ஒருநாள் முன் வீல் மடங்கி உட்கார்ந்துவிடும்.

ரிங் ரோடு ஒரு சுற்று, நத்தம் ரோடு மேம்பாலம் ஏறி இறங்கினால் தேவையானது தெரிந்துவிடும். சிறுமலைக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், பிரேக் நம்பிக்கை வராத வண்டியில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமா என்று யோசியுங்கள். மேம்பால ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். எஞ்சின் கத்தி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இறக்கத்தில் காலை எடுத்தால் இரண்டாம் கியர் தானே நழுவுகிறதா பாருங்கள். ஓடும்போது முதல் கியர் கரகரவென்று விழுந்தால் பயப்பட வேண்டாம், அம்பாசடரில் முதல் கியருக்கு, கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சின்க்ரோ கிடையாது. பின்னாலிருந்து வரும் ஊளை, ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஒரு மாதிரி விட்டால் ஒரு மாதிரி மாறினால் பின் ஆக்சிலில் இருக்கும் கிரௌன் பினியன் பல்சக்கரத் தேய்மானம்.

ஒயரிங்கில் அதிகம் மெனக்கெட வேண்டாம், எப்படியும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஆல்டர்னேட்டர் வண்டி என்றால் ஓட்டத்தில் பேட்டரியில் 14 வோல்ட் அளவு வர வேண்டும். டைனமோ வண்டி ஐடிலில் சார்ஜ் ஆகாது, அது குறை இல்லை. மிகப் பழைய வண்டியில் பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருக்கலாம். ஒயரைப் பின்தொடர்ந்து பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள். டயரில் பட்டன் இருக்கிறது என்பதை நம்பாமல், பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத் தேதியைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்.

விலையும் எடுத்து வருவதும்

பார்த்த குறைகளை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். வாங்கும் தொகையில் பாதிக்குக் குறையாமல் வேலைக்கென்று தனியாக வைத்திருக்க வேண்டும். முழுத் தொகையையும் வண்டிக்கே கொடுத்தால் வண்டி ஷெட்டிலேயே நிற்கும். அட்வான்ஸ் ரசீதில் சேஸ் நம்பர், எஞ்சின் நம்பர், மொத்த விலை, பெயர் மாற்றத்துக்கு யார் பொறுப்பு என்பது எல்லாம் இருக்கட்டும். வண்டியைக் கையில் எடுக்கும்போது தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இன்ஷூரன்ஸ் அன்றைக்கு உயிரோடு இருக்க வேண்டும். வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.

பல வருடம் நின்ற வண்டியை ஓட்டிக்கொண்டு வரும் ஆசையை விட்டுவிடுங்கள். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு கேரியரில் ஏற்றி வாருங்கள். வந்ததும் டேங்க்கைக் கழற்றிக் கழுவி, எஞ்சின், கியர், கிரௌன் ஆயில்களை மாற்றி, நாலு டிரம்மையும் திறந்து வீல் சிலிண்டர் பார்த்து, புது டாட் 3 பிரேக் ஆயில் ஊற்றி, பெட்ரோல், தண்ணீர் ஹோஸ்களை மொத்தமாக மாற்றுங்கள். ரேடியேட்டரில் கேன் தண்ணீரோடு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். அதற்கப்புறம் முதல் ஓட்டம் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கட்டும், ஸ்பேனர் செட்டும் ஒரு குடம் தண்ணீரும் டிக்கியில் இருக்கட்டும்.